ஆறாவது வீட்டுப் பேரிக்காய்

அத்தியாயம் 14

போதகரின் மனைவிக்கு நாலு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்பார்கள். பாடத் தெரிய வேண்டும். நூறு பேருக்குச் சமைக்கத் தெரிய வேண்டும். காதில் விழுவதை எல்லாம் விழுங்கத் தெரிய வேண்டும். விழுங்கியதை வெளியே விடாமலிருக்கத் தெரிய வேண்டும்.

ஓக்ரானுக்கு இந்த வாரம் ஐந்தாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது. புருஷனின் தட்டில் இருப்பதையும் அவளே விழுங்க வேண்டியிருந்தது.

எல்லாம் போன வெள்ளிக்கிழமை குவாங்ஜுவில் கண் டாக்டர் சொன்னதிலிருந்து வந்த வினை. போதகர் தாக் அவர்களின் வலது கண்ணில் இரண்டு இடத்தில் ரத்தம் கசிந்திருக்கிறதாம். சர்க்கரை இப்படியே ஏறிக்கொண்டு போனால் அடுத்த வருஷம் வேதத்தை வாசிக்க இன்னொருவரின் கண்தான் வேண்டியிருக்கும் என்று அந்த ஆள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார். மாத்திரையின் அளவைக் கூட்டிவிட்டார்கள்.

செம்கோல் ஊரில் இது ஒருவருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. மூன்று வருஷமாகத் தற்காலிகப் போதகராக இருப்பவரை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று இன்னும் மூன்று ஞாயிறு கழித்துச் சபை வாக்களிக்கிறது. ஐம்பத்தெட்டு வயதில், கண் போகப் போகிற போதகரை எந்தச் சபை வைத்துக்கொள்ளும்? அனுப்பிவிட்டால் சபை கொடுத்த வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கே போய் நிற்பது?

இந்த நேரம் பார்த்துத்தான் வந்து சேர்ந்தது இலையுதிர்கால வீடு சந்திப்பு. ஒரு நாளைக்கு ஆறு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாட்டு, ஒரு வசனம், ஒரு ஜெபம். அதோடு முடிந்தால் பரவாயில்லை. ஊரே பேரிக்காய்த் தோட்டக்காரர்கள். அறுவடை அப்போதுதான் முடிந்திருந்தது. நல்ல காய்களெல்லாம் பெட்டி ஏறி சியோலுக்குப் போய்விடும். அடிபட்டதையும் சொத்தை விழுந்ததையும்தான் வீட்டுக்காரர்கள் தின்பார்கள். ஆனால் போதகருக்கென்று ஒவ்வொரு வீட்டிலும் முதல் தரக் காய் ஒன்று பத்திரமாக இருக்கும். அதைத் தோல் சீவி, எட்டுத் துண்டாக்கி, பக்கத்தில் அவித்த அரிசிப் பலகாரத்தையும் வைத்து, சர்க்கரை கலந்தே வரும் மிக்ஸ் காபியோடு கொண்டுவந்து குள்ள மேஜையில் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். போதகர் கை வைக்காமல் அந்த வீட்டில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

மூன்று வருஷமாக அவர் கை வைத்தார். ஆறு வீட்டிலும்.

மகள் சேரோம் குவாங்ஜு ஆஸ்பத்திரி ஒன்றில் உணவு ஆலோசகர். போனில் தெளிவாகத்தான் சொன்னாள்.

"அம்மா, பழம் எதிரி இல்ல. ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி அளவு, தோலோட, கடிச்சுத் தின்னா அப்பாவுக்கு நல்லது. நார்ச்சத்து இருக்குது, சர்க்கரை மெதுவாத்தான் ஏறும். ரத்தக் குழாய்க்கு நல்லது, வயித்துக்கு நல்லது. ஆறு பழத்தை ஒரே நாள்ல தோல் சீவித் தின்னுட்டு, மேல பலகாரத்தை அடைச்சு, மிக்ஸ் காபியை ஊத்தினாத்தான் வம்பு. வேளைக்குச் சாப்பாடும் சரியாப் போகணும். கேக்குதா?"

"கேக்குது, கேக்குது," என்றாள் ஓக்ரான். பயந்த மனசுக்குப் பாதிதான் கேட்கும். அவள் காதில் விழுந்தது 'ஆறு பழம், வம்பு' என்பது மட்டும்தான்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அவருக்கு மாத்திரையைக் கொடுத்து, அரைக் கிண்ணம் கஞ்சியை வைத்தாள்.

"இவ்வளவுதானா?" என்றார் போதகர்.

"இவ்வளவுதான். மிச்சத்தைப் போற வீட்டுல எல்லாம் தின்னு ஈடு கட்டிடுவீங்கன்னு எனக்குத் தெரியும். அது இன்னைக்கு நடக்காது."

"நான் என்ன கேட்டா தின்றேன்? வைக்கிறாங்க."

"வைக்கிறாங்க. நான் எடுத்துக்கறேன்."

சொன்னபடி செய்தாள். முதல் வீட்டில் அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்து, எட்டுத் துண்டில் ஏழு துண்டைத் தானே முள்கரண்டியால் குத்தி உள்ளே தள்ளினாள். வீட்டுக்கார அம்மா பார்த்த பார்வை நன்றாக இல்லை. போதகர் வீட்டில் அடுப்பே எரிவதில்லை போலிருக்கிறது என்ற பார்வை. போகட்டும். ஆனால் இவள் செருப்பு மாட்டத் திரும்பிய நேரத்தில், அந்த மனுஷன் இரண்டு பலகாரத்தை வாயில் போட்டுக்கொண்டு கன்னம் உப்ப நின்றதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது.

இரண்டாவது வீட்டில் தட்டு வருவதற்குள்ளேயே வாய் திறந்துவிட்டாள்.

"மன்னிச்சுக்கோங்க. போதகர் இன்னைக்கு உபவாசம். வீடு சந்திப்புக்காக ஜெபம் பண்ணிட்டிருக்கார்."

சொன்ன மாத்திரத்தில் அந்த வீடு அடங்கிப்போனது. வந்த தட்டு வந்த வழியே திரும்பியது. வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை சுலபமா என்று ஓக்ரானுக்கே ஆச்சரியமாக இருந்தது. மூன்று வருஷமாக ஒரு துண்டைக்கூட மறுக்க முடியாத இடத்தில், கடவுள் பேரைச் சொன்னதும் கதவு தானாகத் திறந்துகொண்டது.

காரை அவள்தான் ஓட்டினாள். போதகர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"உபவாசமா? யாரைக் கேட்டுச் சொன்ன?"

"யாரையும் கேக்கல."

"அங்க உட்காந்து நான் ஆமென் சொன்னேன், ஓக்ரான். ஒரு பொய்க்கு ஆமென் சொன்னேன்."

"கண்ணு போனப்புறம் உண்மையாவே சொல்லுங்க. இப்ப பேசாம வாங்க."

"போதகர் பொய் சொல்றதுக்கும் போதகர் பொண்டாட்டி பொய் சொல்றதுக்கும் ஆண்டவர் தனித்தனியா கணக்கு வச்சிருக்கார்னு நினைக்கிறியா?"

"வச்சிருந்தா என் பேர்ல எழுதிக்கட்டும்," என்றாள். மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனால் அவள் ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். கல்யாணமான முப்பது வருஷத்தில் அவர் அதை அறிந்துகொண்டிருந்தார்.

அவர்கள் மூன்றாவது வீட்டு வாசலில் காரை நிறுத்துவதற்குள் செய்தி சபையின் கைப்பேசிக் குழுவில் ஓடிப்போய் அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. மதியச் சாப்பாடு அங்கேதான் என்று ஏற்பாடு. நூடுல்ஸைக் கிளறி, கோழியை அவித்து, எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டார்கள். போதகர் பட்டினி கிடக்கும்போது நாங்கள் எப்படிச் சாப்பிடுவது என்று வீட்டாரும் சாப்பிடவில்லை. ஓக்ரானும் சாப்பிட முடியவில்லை. கோழி வாசனை மட்டும் வீடு முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்தது.

நான்காவது வீட்டில் போதகர் ஒரு பாட்டின் இரண்டாம் சரணத்தை இரண்டு தடவை பாடினார். ஐந்தாவது வீட்டிலிருந்து இறங்கும்போது கொட்டாவி விட்டுக்கொண்டே, "காருல ஏதாவது இருக்கா? ஒரு பிஸ்கட், எதாவது?" என்றார்.

"இன்னும் ஒரே வீடு. மூப்பர் வீடு. முடிஞ்சதும் வீட்டுக்குப் போய் சுடச்சுடச் சோறு போடறேன். அதுவரைக்கும் தாங்கிக்கோங்க."

"கை நடுங்குது."

"பலகார ஆசை அப்படித்தான் நடுங்க வைக்கும்."

இந்த வார்த்தையைப் பிறகு எத்தனையோ நாள் நினைத்து நினைத்து அவள் தன்னையே திட்டிக்கொள்ளப் போகிறாள்.

சபையின் மூத்த நிர்வாகியான மூப்பர் பியோன் ஊரிலேயே பெரிய தோட்டக்காரர். எழுபது வயசு. அதிகம் பேசாதவர். சபையில் அவர் தலை எந்தப் பக்கம் அசைகிறதோ அந்தப் பக்கம்தான் வாக்கு விழும். அவர் மனைவி தாம்யாங் ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர் என்பதால் நாற்பத்தைந்து வருஷமாக எல்லோருக்கும் தாம்யாங்கம்மா. கணவர் பேசாத பேச்சையும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

"வாங்க போதகரய்யா. குழுவுல பார்த்தேன். தட்டை எடுத்து உள்ள வச்சிட்டேன், உங்க கண்ணுல படக் கூடாதுன்னு. ஆறு மணிக்கு உபவாசம் முடிப்பீங்கள்ல, சூப்பும் சோறும் தயாரா இருக்கு. அதுக்கு முன்னால உங்களை விட மாட்டேன்."

மூப்பர் தலையை மட்டும் ஆட்டினார். உதடு காய்ந்திருந்தது.

பாட்டு முடிந்தது. போதகர் வேதத்தைத் திறந்தார். ஒரு வரியை வாசித்தார், நிறுத்தினார், மறுபடி அதையே வாசித்தார். பிறகு கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தார். முதலில் இந்த வீட்டுக்காக, தோட்டத்துக்காக. அடுத்து செத்துப்போய் பத்து வருஷமான தன் அண்ணனின் படிப்புக்காக. பிறகு வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, என்ன சொல்கிறார் என்றே புரியாமல் போனது. தோள் நடுங்கியது. கை மேஜையின் மேல் படபடவென்று தட்டியது.

"ஆமென்," என்றார் மூப்பர், வழக்கத்துக்கு மாறாகச் சத்தமாக.

"ஆமென், ஆண்டவரே," என்று தாம்யாங்கம்மா அழ ஆரம்பித்தார். "ஆவியானவர் இறங்கிட்டார். என் வீட்டுல இறங்கிட்டார்."

ஓக்ரான் கண்ணைத் திறந்து பார்த்தாள். அவருடைய சட்டைக் காலர் முழுக்க நனைந்திருந்தது. அடியில் சூடேற்றிய தரையின் கணகணப்பில் வேர்க்கிற வேர்வை இல்லை அது. கையைத் தொட்டாள். சில்லென்று இருந்தது.

"என்னங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். யாரையோ பார்ப்பது போலப் பார்த்தார். "அம்மா," என்றார், "மாட்டை அவுத்துட்டியா?"

ஓக்ரான் அவர் தோளைப் பிடித்தாள்.

"தொடாதீங்க போதகரம்மா," என்றார் மூப்பர், தாழ்ந்த குரலில். "கர்த்தர் அவரோட பேசிட்டிருக்கார். நடுவுல போகாதீங்க."

நடுவில்தான் போனாள். பாட்டுப் புத்தகத்துக்கு அடியில் பையில் ஒளித்து வைத்திருந்த கைப்பேசியையும் சர்க்கரை பார்க்கும் மீட்டரையும் ஒன்றாக வெளியே இழுத்தாள். மகளின் குரல் உடனே வந்தது.

"சேரோம், அப்பா நடுங்குறார். வேர்க்குது. என்னை யாருன்னு தெரியல."

"காலையில மாத்திரை போட்டாரா?"

"போட்டார்."

"மதியம் என்ன சாப்பிட்டார்?"

ஓக்ரான் போதகரின் நனைந்த காலரைத் தளர்த்தினாள்.

"அம்மா, என்ன சாப்பிட்டார்?"

"ஒண்ணும் இல்ல. நான்தான் விடல."

"சர்க்கரை இறங்கிடுச்சும்மா. விரல்ல குத்திப் பாருங்க. முழுங்குற நிலைமைல இருந்தா, இனிப்பா எது இருக்கோ உடனே குடுங்க. பழச்சாறு இருந்தா நல்லது. முழுங்க முடியலன்னா வாயில எதையும் ஊத்தாதீங்க, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

குத்தினாள். மீட்டரில் நாற்பத்தெட்டு என்று வந்தது.

"தாம்யாங்கம்மா, பழச்சாறு இருக்கா? சீக்கிரம்."

தாம்யாங்கம்மா எழுந்தார், எழுந்தவர் நின்றுவிட்டார். கணவரின் முகத்தைப் பார்த்தார். "உபவாசம் இன்னும் முடியலையே. மணி நாலுதான் ஆச்சு. நேர்ந்துக்கிட்டதை நாம முறிச்சா..."

"தண்ணி வேணா குடுக்கலாம்," என்றார் மூப்பர்.

இதுதான் நேரம் என்று ஓக்ரானுக்குத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டால் வாக்கு மிஞ்சும். வாயைத் திறந்தால் புருஷன் மிஞ்சுவார்.

"உபவாசம் இல்ல. அது நான் சொன்ன பொய். இவருக்குச் சர்க்கரை நோய். சர்க்கரை இறங்கிப்போய் இவருக்கு உசுரு ஊசலாடுது. ஆவியானவர் இல்ல, பட்டினி. சாறு எடுத்துட்டு வாங்க, தாம்யாங்கம்மா."

தாம்யாங்கம்மா அந்த வயசுக்கு ஓடிய ஓட்டம் ஓக்ரானுக்கு மறக்காது. சொந்தத் தோட்டத்துப் பேரிக்காயைக் காய்ச்சி அடைத்த சாறு, பாக்கெட் பாக்கெட்டாக. கத்தரிக்கோலைத் தேடவில்லை, பல்லாலேயே மூலையைக் கிழித்தார். ஓக்ரான் போதகரின் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். முதல் வாய் தாடையில் வழிந்தது. இரண்டாவது வாயை விழுங்கினார். பிறகு அவரே பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு, பசித்த குழந்தை மாதிரி உறிஞ்சினார்.

காலையிலிருந்து வீடு வீடாக எதை அவர் வாய்ப் பக்கம் போகாமல் தடுத்தாளோ, அதைத்தான் இப்போது கும்பிடாத குறையாகக் குடிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா ஆண்டவரே, காப்பாத்துங்க, என் பொய்யை என் தலையில போடுங்க, இவர் தலையில வேண்டாம். வேறு ஜெபம் அவளுக்கு வரவில்லை.

பதினைந்து நிமிஷம். மறுபடி குத்தினாள். எண்பத்தொன்று.

"ஜெபம் முடிஞ்சுதா?" என்றார் போதகர், சுற்றுமுற்றும் பார்த்து.

தாம்யாங்கம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "முடிஞ்சுது, முடிஞ்சுது. உங்க அண்ணன் பரீட்சையில பாஸாயிட்டார்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஓக்ரான் பக்கம் திரும்பினார். "நல்ல பொம்பளை நீங்க. ஏவாள் பழத்தைக் குடுத்துக் கெடுத்தா. நீங்க பிடுங்கிக் கெடுத்தீங்க."

ஓக்ரான் தலையைக் குனிந்துகொண்டாள். சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

தாம்யாங்கம்மா சோறும் சூப்பும் கொண்டுவந்து வைத்தார். சாறு ஏற்றியது சீக்கிரம் இறங்கிவிடும், உடனே சாப்பாடும் போக வேண்டும் என்று சேரோம் போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். போதகர் சாப்பிட்டார். இந்த முறை அவள் ஒரு பருக்கையையும் தடுக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் தாம்யாங்கம்மா பழக்க தோஷத்தில் ஒரு பேரிக்காயையும் கத்தியையும் எடுத்துவிட்டு, பிறகு பயந்துபோய் ஓக்ரானைப் பார்த்தார்.

"இது நஞ்சா இவருக்கு?"

"இல்ல. பழம் நல்லதுதான். என் மக சொன்னா, நான்தான் சரியாக் கேக்கல. கால் பாகம் போதும். நல்லாக் கழுவிட்டு, தோலோட."

"தோலோடயா? போதகருக்குத் தோலோட குடுத்தா ஊரு என்னை என்ன சொல்லும்?"

"ஆண்டவர் முதல் மனுஷனுக்குப் போட்ட முதல் விருந்தே மரத்துப் பழம்தான்," என்றார் போதகர் மெல்ல. குரல் இன்னும் பலவீனமாக இருந்தது. "பக்கத்துல கத்தி வச்சதா எங்கயும் எழுதல. காபி வச்சதாவும் எழுதல. இந்த உடம்பு அவர் கட்டின வீடும்மா. நான்தான் ஆறு வீட்டுக்காரங்க மனசு நோகக் கூடாதுன்னு அந்த ஒரு வீட்டை இடிச்சிட்டிருந்தேன்."

கால் பாகத்தைத் தோலோடு கடித்தார். கரகரவென்று மெல்லுகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

மூப்பர் பியோன் தொண்டையைச் செருமினார்.

"குழுவுல பார்த்ததும் நானும் மதியம் சாப்பிடல. போதகர் பட்டினி கிடக்கும்போது மூப்பன் எப்படிச் சாப்பிடறதுன்னு. மூணாவது வீட்டுக்காரனும் சாப்பிடலன்னு போன் பண்ணான். இந்நேரம் ஊருல எத்தனை பேர் உங்க பேர்ல பட்டினியோ தெரியாது."

ஓக்ரானின் முகம் எரிந்தது. அறை வாங்கியிருந்தால்கூட இத்தனை எரிந்திருக்காது.

"எத்தனை வருஷமா இந்த நோய்?"

"ஆறு வருஷம்," என்றார் போதகர்.

மூப்பர் விரலை மடக்கிப் பார்த்தார். எழுந்து உள்ளே போய் ஒரு கோப்போடு வந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தாளை எடுத்து மேஜையில், பேரிக்காய்த் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நீங்க இந்த ஊருக்கு வந்தப்ப சபை வாங்கின படிவம். 'நீண்டகால நோய் உண்டா'ன்னு கேட்டிருக்கு. 'இல்லை'ன்னு எழுதியிருக்கு. கீழ உங்க கையெழுத்து. மூணு வருஷம் அந்தப் பிரசங்க மேடையில நின்னு எங்களுக்கு உண்மை பேசச் சொன்னீங்க, போதகரய்யா."

போதகர் தாளைப் பார்த்தார். அவர் வாய் திறக்கப் போவதும், ஆமாம் நான்தான் என்று சொல்லப் போவதும் ஓக்ரானுக்குத் தெரிந்தது. முப்பது வருஷம் பழகிய முகம்.

"அதை எழுதினது அவர் இல்ல," என்றாள். "என் எழுத்துதான் தெளிவா இருக்கும்னு நான் எழுதினேன். அந்தக் கேள்விக்கு வந்ததும் பேனா நின்னுது, மூப்பரய்யா. கொஞ்ச நேரம் நின்னுது. அப்புறம் 'இல்லை'ன்னு எழுதினேன். அவர் என்னை நம்பி, படிக்காமக் கையெழுத்துப் போட்டார்."

போதகர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அவருக்கே இது இப்போதுதான் தெரியும்.

மூப்பர் கண்ணாடியைக் கழற்றினார். "வாக்கு இன்னும் மூணு ஞாயிறு தள்ளி. அதுக்கு முன்னால சபைக்கு இது தெரியணும். இன்னைக்குப் பட்டினி கிடந்தவங்களுக்கும் தெரியணும். நான் சொன்னா அது புகாரா ஆயிடும். யார் சொல்றது?"

"நான் சொல்லணும்," என்றார் போதகர்.

"இல்லங்க," என்றாள் ஓக்ரான். தாளை எடுத்து நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். "இந்த ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துக்கு முன்னால எனக்கு அஞ்சு நிமிஷம் வேணும், மூப்பரய்யா. மேடை வேண்டாம். கீழே, ஜனங்களுக்கு நேரா நின்னு சொல்றேன்."

செம்கோல் சபையில் ஒரு போதகரின் மனைவி இதுவரை ஆராதனையில் வாய் திறந்து பேசியதே இல்லை. அது அங்கே இருந்த நால்வருக்கும் தெரியும். மூப்பர் அவளை வெகுநேரம் பார்த்தார். தலை எந்தப் பக்கமும் அசையவில்லை.